பிளைத்தா, பூட்டட்டா? பெங்களூரு வேலிகளில் ஒரு பழுப்புக் குருவி வழக்கு

ஒயிட்ஃபீல்டு வாசகர் ஒருவரின் கேள்வி, அக்டோபர் 5

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வேலிச்செடிக்குள் சில நாட்களாக ஒரு பழுப்புக் குருவி வந்து போகிறது. தையல்சிட்டு இல்லை, வாலைச் செங்குத்தாகத் தூக்கி நிற்பதில்லை. சிட்டுக்குருவியும் இல்லை, அலகு மெல்லியது. கண்ணுக்கு மேலே வெளிறிய கோடு தெளிவாகத் தெரிகிறது. புருவம் இருந்தால் பூட்டட் கதிர்க்குருவி, இல்லாவிட்டால் பிளைத் நாணல் கதிர்க்குருவி என்று அனுபவசாலி ஒருவர் சொல்லியிருக்கிறார். அதன்படி இது பூட்டட். ஆனால் கைப்பேசிச் செயலி, படத்தைக் கொடுத்தாலும் ஒலியைக் கொடுத்தாலும், பிளைத் என்றே அடம்பிடிக்கிறது. செயலியை நம்பலாமா?

என் பதில், அக்டோபர் 5, இரவு

இந்த முறை நம்பலாம். அந்த அனுபவசாலியின் விதியைத்தான் நம்பக் கூடாது. இரண்டுக்கும் புருவம் உண்டு. அது எங்கே முடிகிறது என்று பாருங்கள். பிளைத்துக்கு அலகின் அடியிலிருந்து கண் வரைக்கும்தான் அந்த வெளிறிய கோடு. கண்ணுக்கு முன்னால் சற்றுத் தடித்திருக்கும், கண்ணைத் தாண்டியதும் கரைந்துவிடும். பூட்டட்டுக்குக் கண்ணைத் தாண்டிப் பின்னாலும் ஓடும். அதற்கு மேல் விளிம்பில் மங்கலான கருநிழல் ஒன்று புருவத்தை எடுத்துக் காட்டும். உங்கள் முதல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணுக்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா? இல்லை. ஆகவே பிளைத்.

அக்டோபர் 6, காலை

நேற்றுச் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பறவை உங்களை நேராகப் பார்க்கும் படத்தில் புருவத்தின் நீளத்தை அளக்காதீர்கள். அந்தக் கோணத்தில் எல்லாப் புருவமும் நீளமாகவே தெரியும். தலையைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அப்படியே. பக்கவாட்டுப் படம் வேண்டும், பறவை பதற்றமில்லாமல் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் நாள் அபூர்வம், அது வேறு விஷயம்.

நிறத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிளைத் சற்று ஆலிவ் கலந்த மண்ணிறம், பூட்டட் வெளிறிய மணல் நிறம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பறவையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினார்கள். நாம் பார்ப்பது தூங்குமூஞ்சி மரத்தின் நிழலில், அக்டோபர் மேகமூட்டத்தில், உண்ணிச்செடிப் புதருக்குள். ஒரே பறவை காலை ஏழு மணிக்குச் சாம்பலாகவும், ஒன்பது மணி வெயிலில் மணலாகவும், இலை நிழலில் பச்சை தட்டியும் தெரியும். நிறத்தை வைத்து வாதாடுகிறவர்களுடன் நான் வாதாடுவதில்லை.

அக்டோபர் 6, மதியம்

அளவு கேட்டவருக்கு: பிளைத் 13 சென்டிமீட்டருக்கு முன்னே பின்னே, பூட்டட் 12க்குள். வேலிக்குள் அளவுகோலை நீட்ட வழியிருந்தால் மிகவும் பயன்படும்.

அக்டோபர் 9

கிண்டல் செய்தது போதும். உருப்படியாக ஒன்று சொல்கிறேன். இந்தக் குருவியை இரண்டு பகுதியாகப் பிரித்துக்கொண்டு பாருங்கள்: முன்பக்கம், பின்பக்கம். எல்லோரும் முகத்தையே பார்க்கிறார்கள். பின்பக்கத்தை எவரும் பார்ப்பதில்லை, விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

இன்று காலை சகாகர் நகரில் எங்கள் தெருமுனைப் பூங்காவில், துரந்தா வேலியின் அடிப்பகுதியில் ஒரு பிளைத் நிதானமாக இரை தேடிக்கொண்டிருந்தது. காலை எட்டு மணி, வெயில் இன்னும் வேலிக்குள் இறங்கவில்லை. பைனாகுலரின் குவியத்துக்குக் கிட்டத்தட்ட அடங்காத அளவுக்கு அருகில். ஒரு சாய்ந்த தண்டைக் காலால் பற்றிக்கொண்டு, கழுத்தை நீட்டி, மேலே இருந்த இலையின் அடிப்பக்கத்தை ஒவ்வோர் அங்குலமாகப் பார்த்தது. பச்சைப் புழு ஒன்றை எடுத்துத் தண்டில் இரண்டு தட்டுத் தட்டி விழுங்கியது. பிறகு அலகைத் தண்டின் இருபுறமும் தேய்த்தது. தேய்க்கும்போது உடலின் பின்பாதி என் பக்கம் திரும்பியது. வாலின் அடியில் இருக்கும் மூடிறகுகள், அதாவது வயிறு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் அடிப்புறத்தை மூடும் வெளிறிய இறகுகள், வாலின் பாதியைத் தாண்டி நீண்டிருந்தன. வால் நுனி வட்டமாக முடிந்தது. ஓர இறகுகள் நடு இறகுகளைவிடக் குட்டை. இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் முகத்தைப் பார்க்காமலே பிளைத் என்று எழுதிவிடலாம்.

பூட்டட்டுக்கு அந்த அடி மூடிறகுகள் குட்டை. வால் நுனி ஏறக்குறைய நேராக வெட்டியது. வாலின் வெளி ஓரத்தில் மெல்லிய வெண்மை இருக்கும், இறகு புதிதாக இருக்கும் பருவத்தில் நன்றாகத் தெரியும். மூடிறகு குட்டையாக இருப்பதால் வால் தனியாக ஒட்டவைத்தது மாதிரித் துருத்திக்கொண்டிருக்கும். பிளைத்தின் பின்பாதியோ உடலோடு இழைந்து சரியும்.

முன்பக்கத்துக்கு வந்தால் நெற்றியும் அலகும். பிளைத்தின் நெற்றி சரிந்து இறங்கி நீண்ட அலகில் போய் முடியும், ஒரே சரிவு. பூட்டட்டின் தலை உருண்டை, அலகு குட்டை. முகமே கொஞ்சம் குழந்தைத்தனமாக இருக்கும்.

அக்டோபர் 9, இரவு

"கால் நிறத்தைப் பார்த்தால் போதும்" என்று ஒருவர். எந்த வேலியில் உங்களுக்குக் கால் தெரிகிறது ஐயா? எனக்கும் அந்த வேலியின் முகவரி வேண்டும்.

அக்டோபர் 12

ஒலி. இதைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு, எழுத்தில் ஒலியைச் சொல்வது கடினம்.

பெங்களூரில் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, லால்பாகோ கப்பன் பூங்காவோ சாதாரணத் தெருவோரத் தோட்டமோ, புதருக்குள்ளிருந்து "ட்சக்... ட்சக்..." என்று கேட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது கெட்ட செய்தி கேட்டுச் சூள் கொட்டுவார்களே, அதே ஒலி, அதே சலிப்பு. ஆள் தெரியாது. அது பிளைத். பூனையோ செண்பகப் பறவையோ பக்கத்தில் வந்தால் "ட்ர்ர்ர்" என்று உரசும் ஒலி ஒன்றும் சேரும். இந்தப் பறவையைப் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்கள் பல மடங்கு. கேட்டும் பறவை என்று தெரியாதவர்கள் அதைவிட அதிகம்.

பூட்டட்டும் இதே குடும்பத்துக் கடின ஒலிதான் எழுப்பும். அது இன்னும் வறண்டு, மெலிந்து இருக்கும், சில சமயம் இரண்டிரண்டாக வரும். பழகிய காதுக்கு வேறுபாடு தெரியும். புதிய காதுக்குத் தெரியாது. ஒலியை மட்டும் வைத்துப் பூட்டட் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை, நிறையச் சந்தேகம்.

இங்கே குட்டையைக் குழப்பும் வேறு இரண்டு பேர் இருக்கிறார்கள். தையல்சிட்டு எச்சரிக்கை ஒலியாக "சிக்-சிக்-சிக்" என்று அடுக்கும். அது வேகம், ஓயாது. பிளைத் நிறுத்தி நிறுத்தித்தான் சொல்லும். மற்றொன்று சாம்பல் கதிர்க்குருவி. செடிக்குச் செடி பறக்கும்போது அதனிடமிருந்து மின்பொறி தெறிக்கும் "டிக் டிக்" ஓசை வரும். இறக்கையா, அலகா, எதனால் எழுப்புகிறது என்பதே விவாதமாக இருந்து வந்தது. பறக்கும்போது மட்டும் "டிக்" கேட்டால் அது பிளைத் அல்ல.

அக்டோபர் 13

ஒலிப்பதிவைப் போட்டுக் குருவியை வெளியே வரவழைத்ததாகப் பெருமையாக ஒருவர் எழுதியிருக்கிறார். செய்யாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, தனக்கென்று ஒரு வேலித்துண்டைப் பிடித்து வைத்திருக்கும் 12 கிராம் உயிர் அது. எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து இரை தேடுவதை விட்டுவிட்டு உங்களைச் சுற்றிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் சும்மா நின்றால் தானே வெளியே வரும். அந்தப் பத்து நிமிடம் நிற்க முடியாதவர்களுக்குப் பழுப்புக் குருவிகள் சரிப்படாது, மயில் பார்க்கலாம்.

அக்டோபர் 20

ஹெசரகட்டா போய் வந்தேன். பூட்டட்டைப் பற்றி அமர்ந்த இடத்திலிருந்து எழுதிக்கொண்டிருப்பது எனக்கே அலுத்துவிட்டது.

நகரின் வடமேற்கே, அர்க்காவதி ஆற்றில் 1894இல் பெங்களூருக்குக் குடிநீருக்காகக் கட்டிய ஏரி அது. ஏரியைவிட அதைச் சுற்றியிருக்கும் புல்வெளிதான் பறவைக்காரர்களை இழுக்கிறது. குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் தாழப் பறந்து புல்லைச் சல்லடை போடும். நெட்டைக்காலிகளும் வானம்பாடிகளும் காலடியில் எழும். நடுநடுவே தனித்தனியாகக் கருவேலமரங்கள், முள்புதர்கள். பூட்டட்டுக்கு அந்த இடைவெளிதான் பிடிக்கும். அடர்ந்த வேலி, ஈர நிழல், பூங்கா மூலை எல்லாம் பிளைத்தின் ராஜ்யம். வறண்ட திறந்தவெளி, சிறிய இலையுள்ள முள்மரம், இடுப்பளவுப் புல் என்றால் பூட்டட்டுக்கு வாய்ப்பு.

ஒரு கருவேலமரத்தில் இருந்தது. முதலில் இலைக் கதிர்க்குருவி என்றே நினைக்கத் தோன்றும், அவ்வளவு துறுதுறுப்பு. கிளை நுனிக்கு ஓடும், சிற்றிலைகளுக்கிடையே கொத்தும், அந்தரத்தில் நொடிப்பொழுது சிறகடித்து நிற்கும், அடுத்த கிளை. பிளைத் இந்த வேகத்தில் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. அது புதருக்குள் கனமாகத் தாவும், தாவிய இடத்தில் சற்று யோசிக்கும். பூட்டட் மரத்திலிருந்து இறங்கிப் புல்லுக்குள் போனது, புல் தாளில் தொற்றி ஏறியது, மறுபடி மரம். ஒரு கணம் வெயிலில் பக்கவாட்டில் நின்றது. உருண்டைத் தலை. குட்டை அலகு, கீழ் அலகு வெளிறி நுனியில் மட்டும் கறுப்புத் தீற்றல். புருவம் கண்ணைத் தாண்டிப் போய் மங்கியது. மூன்றாம் நிலைச் சிறகுகளில், அதாவது மடித்த இறக்கையில் உடலை ஒட்டி இருக்கும் உள் இறகுகளில், வெளிறிய ஓரம். பிளைத்தின் சிறகு ஒரே நிறமாகச் சப்பென்று இருக்கும், இந்த ஓரம் எடுப்பாக இருக்காது.

திரும்பும் வழியில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர், பூ வியாபாரம் செய்பவர், கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்து என்ன பார்த்தீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். படத்தைக் காட்டினேன். "இது எங்கள் வீட்டிலேயே இருக்கிறதே" என்றார். அவர் வீட்டில் இருப்பது பிளைத் என்று விளக்கும் துணிவு எனக்கு வரவில்லை.

அக்டோபர் 22

எதிர்பார்த்தது வந்துவிட்டது. "ஹெசரகட்டாவில் நீங்கள் பார்த்தது சைக்ஸ் கதிர்க்குருவியாக ஏன் இருக்கக் கூடாது?"

நியாயமான கேள்வி. இதற்காகவே அந்தப் பெயரை இதுவரை எடுக்காமல் இருந்தேன். பூட்டட்டும் சைக்ஸும் நீண்ட காலம் ஒரே இனத்தின் இரண்டு வடிவங்கள் என்றே கருதப்பட்டன. ஹிப்போலைஸ் பேரினத்தில் வைத்திருந்தார்கள், பிறகு மரபணு ஆய்வுகளுக்குப் பின் இடூனாவுக்கு மாற்றி, இரண்டாகவும் பிரித்துவிட்டார்கள். சைக்ஸ் பம்பாய் ராணுவத்து அதிகாரி. தக்காணத்துப் பறவைகளைத் திரட்டிப் பட்டியலிட்டு 1832இல் வெளியிட்டவர். அந்தக் குருவியை முதலில் விவரித்ததும் அவரே.

சைக்ஸ், பூட்டட்டுக்கும் பிளைத்துக்கும் நடுவில் நின்று இருவரையும் காட்டிக்கொடுக்கும். அலகு பூட்டட்டைவிட நீளம், வால் நீளம், கீழ் அலகில் அந்தக் கறுப்பு நுனி இல்லை அல்லது மிக மங்கல். புருவம் பெரும்பாலும் பிளைத் அளவுக்குக் குட்டை. நிறமோ பூட்டட்டைவிடவும் வெளிறியது. அதாவது முகத்தை மட்டும் பார்த்தால் சைக்ஸைப் பிளைத் என்று எழுதிவிடும் அபாயம் உண்டு. இங்கேயும் பின்பக்கம்தான் காப்பாற்றும்: இடூனாக்கள் இரண்டுக்கும் வாலடி மூடிறகு குட்டை, வால் நேர்வெட்டு.

நான் பார்த்ததில் கீழ் அலகின் கறுப்பு நுனி தெளிவாக இருந்தது. ஆகவே பூட்டட் என்பதில் நிற்கிறேன்.

அக்டோபர் 23

ஒரு நாள் யோசித்த பிறகு: நிற்கிறேன், ஆனால் உங்களிடம் படம் இல்லாமல் "பூட்டட்" என்று எழுத வேண்டாம் என்பேன். பறவைகளைப் பதியும் இபேர்டு தளத்தின் பட்டியலில் "பூட்டட்/சைக்ஸ்" என்று சேர்த்துப் பதியும் வசதி இருக்கிறது. அதைத் தோல்வி என்று நினைக்கிறவர்கள் அதிகம். கறுப்பு நுனியைப் பார்க்காதவன் அந்தச் சாய்கோட்டுக்கு மேல் ஒரு படி ஏறினால் அது ஊகம்.

நவம்பர் 3

மழை. வெளியே போக முடியவில்லை. ஆகவே கதை.

"பிளைத் யார், கவர்னரா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கவர்னராக இருந்திருந்தால் நன்றாகச் சாப்பிட்டிருப்பார். எட்வர்ட் பிளைத் லண்டனில் 1810இல் பிறந்தவர். 1841இல் கல்கத்தா வந்து ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளரானார். இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் அங்கே உட்கார்ந்து, நாடெங்கிலுமிருந்து வந்து குவிந்த பறவைத் தோல்களைப் பிரித்துப் பெயர் வைத்தார். டார்வினுக்குக் கடிதக் கடிதமாகத் தகவல் அனுப்பினார். சம்பளம் போதாமல் கடைசி வரை அல்லாடினார். நம் வேலிக்குருவியை 1849இல் விவரித்தவர் அவர். 1862இல் உடல்நலம் கெட்டு ஊர் திரும்பி 1873இல் இறந்தார்.

இதைவிடச் சுவையான கதை ஹியூமுடையது. ஆம், 1885இல் காங்கிரஸைத் தொடங்கிய அதே ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1867 நவம்பரில் சட்லெஜ் பள்ளத்தாக்கில் ராம்பூர் அருகே ஒரு பழுப்புக் குருவியைச் சுட்டெடுத்தார். பிளைத் மாதிரி இருந்தது, ஆனால் அலகு பெரிது. பெரிய அலகு நாணல் கதிர்க்குருவி என்று அதைத் தனி இனமாக்கினார்கள். பிறகு? ஒன்றுமில்லை. ஏறத்தாழ 140 ஆண்டுகள் உலகத்தில் அந்த ஒரே ஒரு தோல்தான். அது தனி இனமா, வேறொன்றின் பிசகிய பிரதியா என்று அறிஞர்கள் சண்டை போட்டார்கள். மரபணுவை எடுத்துப் பார்த்துத் தனி இனம்தான் என்றார்கள். 2006 மார்ச்சில் தாய்லாந்தில் பிலிப் ரவுண்ட் என்ற பறவையியலாளர் பறவைகளின் காலில் அடையாள வளையமிடுவதற்காக வலை கட்டியபோது உயிரோடு ஒன்று சிக்கியது. சுமார் ஆறு மாதம் கழித்து, இங்கிலாந்தின் டிரிங்கில் உள்ள அருங்காட்சியக இழுப்பறையில் இன்னொன்று கிடைத்தது. 1869இல் இந்தியாவில் எடுத்தது. இத்தனை காலமும் எந்தப் பெயரில் கிடந்தது தெரியுமா? பிளைத் நாணல் கதிர்க்குருவி என்ற சீட்டோடு. அதன் பிறகு வேறு சில அருங்காட்சியகங்களிலும் பிளைத்களுக்கு நடுவே ஒளிந்திருந்தவை வெளிவந்தன. 2009இல் ஆப்கானிஸ்தானின் வடகிழக்கு மூலையில் அவை குடும்பம் நடத்தும் இடமும் தெரிந்தது.

கையில் தோலை வைத்துக்கொண்டு, அளவுகோலும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு, வாழ்நாளை இதற்கே கொடுத்தவர்கள் ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் தவறவிட்டார்கள். வேலிக்குள் பாதி வாலைப் பார்த்துவிட்டு நாம் இங்கே மல்லுக்கு நிற்கிறோம்.

ஹியூமைப் பற்றி இன்னும் ஒன்று. இந்தியப் பறவைகள் பற்றிப் பெரிய நூலுக்காக அவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளை, அவர் சிம்லாவில் இல்லாத சமயம், வேலையாள் பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிட்டார். மனம் வெறுத்து, 80,000க்கும் அதிகமான தோல்களையும் முட்டைகளையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டுப் பறவைகளிலிருந்து விலகினார். நம் நாட்டு அரசியல் வரலாற்றில் பழைய பேப்பர்க்காரருக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்பது என் சொந்த ஊகம்.

நவம்பர் 4

"அப்படியானால் எங்கள் வேலியில் இருப்பது பெரிய அலகாக இருக்கலாம் அல்லவா?" என்று எதிர்பார்த்தபடியே மூன்று பேர். இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல அலகு, பின்விரல் நகம், சிறகு இறகுகளின் நீள வரிசை எல்லாவற்றையும் அளக்க வேண்டும். அதற்கு வலை கட்டிப் பிடிக்கும் உரிமம் வேண்டும். கோடிக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் வளையமிடும்போது இந்தக் குருவிகளைக் கையில் பிடித்துப் பார்க்கிறார்கள். நீங்களும் நானும் வேலிக்கு வெளியே நிற்கிறோம்.

நவம்பர் 17

ஜக்கூர் ஏரியில் பிளைத்தைத் தேடிச் சம்புப் புதர் ஓரமாக ஒரு மணி நேரம் நின்று காதைப் பிளக்கும் கரகர குரலைக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். "குருவி மைனா அளவுக்கு இருந்தது." அது கிளாமரஸ் நாணல் கதிர்க்குருவி, பெங்களூரு ஏரிகளில் ஆண்டு முழுவதும் இருப்பது, சம்புவும் கோரையும்தான் அதன் வீடு. பிளைத் இங்கே தண்ணீரைத் தேடிப் போவதில்லை. ஏரிக்கரையின் மேல், நடைபாதைக்கு இந்தப் பக்கம் இருக்கும் உண்ணிச்செடியில் தேடியிருந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் கிடைத்திருக்கும்.

டிசம்பர் 8

எங்கள் குடியிருப்பில் வேலியை மொட்டையடித்துவிட்டார்கள். "சுத்தமாக இருக்கட்டும்" என்று சங்கத்தில் முடிவாம். தோட்டக்காரர் கன்னடத்தில் என்னிடம், "குருவி எங்கே போகும் என்று கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை" என்றார். அந்த வேலியில் கூச்சலிட்டுக்கொண்டிருந்த பிளைத் இப்போது எதிர்வீட்டுக் காகிதப்பூவுக்குள் இருக்கிறது. அதே பறவையா என்று கேட்காதீர்கள். குளிர்கால இடத்தை அவை விடாமல் காப்பதால் அதுவாகத்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

ஆனால் இதில் ஒரு லாபம். காகிதப்பூவின் அடியில் குழாய் ஒழுகுகிறது. மதியம் இரண்டரை மணிக்கு அந்தக் குட்டையில் குளிக்க வருகிறது. குளித்து முடித்து வெளிக்கிளையில் உட்கார்ந்து வாலை விசிறியாக விரித்துக் கோதும்போது, வால் நுனியின் வட்டத்தைப் பாடம் நடத்தலாம். நனைந்த பறவையில் புருவம் எல்லாம் ஒட்டிப்போய்விடும், வால் மட்டும் பொய் சொல்லாது.

டிசம்பர் 9

"வாலைத் தூக்கினால் பூட்டட்" என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இது எங்கிருந்து வருகிறது? பிளைத்தும் தூக்கும். உஷாரான நேரத்தில் அலகையும் வாலையும் ஒருசேர மேலே உயர்த்தி முதுகை உள்வளைத்து நிற்பது அதன் பழக்கமே. "ட்சக்" சொல்லும்போது வாலைச் சற்று விரித்து ஆட்டவும் செய்யும்.

ஜனவரி 19

பொங்கலுக்கு வேலூர் பக்கம் ஊருக்குப் போயிருந்தேன். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்காக அக்கா மகளை அழைத்துக்கொண்டு வயல் ஓரம் நடந்தேன். கரும்புக் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து "ட்சக்". அவள் உடனே, "மாமா, சூள் கொட்டுகிற குருவி" என்றாள். நான் இங்கே பக்கம் பக்கமாக எழுதியதை அவள் படித்ததில்லை. பட்டியலில் பிளைத் என்று எழுதச் சொன்னேன். "பார்க்காமலே எழுதலாமா?" என்றாள். கேட்டதையும் எழுதலாம், ஆனால் கேட்டது என்று குறிப்பு போடவேண்டும் என்றேன். போட்டாள்.

பிப்ரவரி 11

எலகங்கா வாசகர் அனுப்பிய படம்: கருவேலமரம், வெளிறிய பறவை, அலகு தெளிவு. கீழ் அலகு முழுவதும் வெளிறியது, கறுப்பு நுனி இல்லை. அலகு நீளம். புருவம் கண்ணோடு முடிகிறது. வாலடி மூடிறகு குட்டை. இந்தப் பக்கத்தில் இதுவரை வந்த படங்களில் துணிந்து சைக்ஸ் என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான். வாழ்த்துகள். பொறாமைப்படுகிறேன்.

பிப்ரவரி 11, பின்னிரவு

எலகங்காப் படத்தை மறுபடி பார்த்தேன். அலகின் மேல் வெயில் நேராக விழுகிறது. கறுப்பு நுனி இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது, வெயிலில் வெளுத்துப்போயிருக்கவும் கூடும். அதே பறவையின் வேறு படங்கள் இருந்தால் அனுப்புங்கள், நிழலில் எடுத்தது. அதுவரை சாய்கோடு.

பிப்ரவரி 14

நிழல் படங்கள் வந்தன. நிழலிலும் நுனி வெளிறியே இருக்கிறது, வாலும் நீளம். சைக்ஸ்தான். சாய்கோட்டை அழித்துவிடுங்கள்.

ஏப்ரல் 20

காகிதப்பூவுக்குள் பாட்டு. ஏழு மாதம் சூள் மட்டும் கொட்டிக்கொண்டிருந்த ஆசாமி புறப்படும் முன் தொண்டையைத் திறந்திருக்கிறது. உரக்க அல்ல, வாயை மூடிக்கொண்டு பாடும் அளவில். ஒரு துண்டைச் சொல்லும், நிறுத்தும், அதையே மறுபடி சொல்லும், நடுவில் "ட்சக் ட்சக்" என்று தாளம் தட்டும், பிறகு வேறு துண்டு. பிற பறவைகளின் குரலை எடுத்துக் கோர்ப்பதில் இது கெட்டிக்காரப் பறவை. கொஞ்ச நேரம் கேட்டதில் ஓரிடத்தில் கொண்டைக்குருவியின் சாயல் இருந்ததாக எனக்குப் பட்டது. சத்தியம் செய்ய மாட்டேன்.

இவற்றின் இனப்பெருக்க நிலம் மத்திய ஆசியாவிலிருந்து ரஷ்யா வழியாகப் பின்லாந்து வரை. மேற்கே பின்லாந்து வரை பரவியது 20ஆம் நூற்றாண்டில்தான். அங்கே போகிறவை மே கடைசியில் போய்ச் சேர்ந்து, அந்த ஊரின் இருட்டாத இரவுகளில் விடிய விடியப் பாடும். இங்கிருந்து 6,000 கிலோமீட்டருக்கு மேல். எதிர்வீட்டுக் குருவி பின்லாந்துக்குப் போகிறதா கஜகஸ்தானுக்கா என்பது காலில் வளையம் இருந்தால்தான் தெரியும்.

மே 6

"இப்போது வேலி அமைதியாக இருக்கிறது, பழுப்பாக ஒன்று இன்னும் சுற்றுகிறது, பிளைத் போகாமல் தங்கிவிட்டதா?" என்ற கேள்விக்கு: படத்தில் இருப்பது தையல்சிட்டின் குஞ்சு. நெற்றியில் செம்பழுப்பு இன்னும் ஏறவில்லை, வால் இன்னும் வளரவில்லை. முதுகில் பச்சை தெரிகிறது, பாருங்கள்.

செப்டம்பரில் மறுபடி படங்கள் வரத் தொடங்கும். இப்போதே சொல்லிவிடுகிறேன்: முகத்தை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பினால் பதில் எழுத மாட்டேன். வாலின் அடிப்பக்கம் தெரியும் படம் மங்கலாக இருந்தாலும் சரி, அதையும் சேர்த்து அனுப்புங்கள். எந்த மரம், எந்த உயரம், நிழலா வெயிலா என்று ஒரு வரி. செயலி என்ன சொன்னது என்பதை மட்டும் கடைசியில் எழுதுங்கள்.